பொன்னுலிங்கத்தின் தூசி

பொன்னுலிங்கத்தை வேலையை விட்டு அனுப்பி நாற்பத்தாறு நாள் ஆகிவிட்டது. ஆனால் அவர் தொழிற்சாலைக்குள் உதிர்வது மட்டும் நின்றபாடில்லை.

நேற்று ஒரே நாளில் அவருடைய தோலின் முப்பத்திரண்டு துணுக்குகள் சிலிக்கான் தட்டுகளின் மேல் விழுந்திருந்தன. முந்தாநாள் இருபத்தெட்டு. ஆவுடைச்செல்வி திரையில் அந்தப் பெயரைப் பார்த்தாள். பிறகு ஆறிப்போன காபியைப் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்தப் பெயரைப் பார்க்காமல் இருப்பதில் அவளுக்கு இரண்டு வருடப் பழக்கம் உண்டு.

கங்கைகொண்டானில் பொருநை செமிகண்டக்டர் வந்த புதிதில் ஊர்க்காரர்கள் அதைச் 'சிப்ஸ் கம்பெனி' என்றார்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நேந்திரங்காயா மரவள்ளியா என்று கேட்டுச் சிரித்தார்கள். உள்ளே நடந்ததோ சிரிக்கிற விஷயம் இல்லை. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சிலிக்கான் தட்டு, அதில் அறுநூறு சிப்பு. மூன்று மாதம், எழுநூறு படி தாண்டித்தான் அது வெளியே வரும். நடுவில் ஒரு தூசி விழுந்தால் அந்த இடத்துச் சிப்பு செத்தது. அந்தத் தூசியும் பெரும்பாலும் மனிதனிடமிருந்துதான் வரும். நின்றாலும் உட்கார்ந்தாலும், மேலதிகாரியை மனதுக்குள் வைதுகொண்டிருந்தாலும் நாம் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறோம். அதனால் உள்ளே போகிறவர்களுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த எந்திரம் வந்தது. தட்டில் விழுந்த தோல் துணுக்கின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அது யாருடைய உடம்பிலிருந்து விழுந்தது என்று பெயரோடு சொல்லிவிடும். நிர்வாகம் அதற்கு அழகாக ஒரு பெயர் வைத்தது, ஆனால் ஆட்கள் 'மோப்பன்' என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கேன்டீன் வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். உள்ளே போகிற ஆயிரத்து இருநூறு பேரின் பெயரும், எதிரே அன்றன்று அவர்கள் உதிர்த்த எண்ணிக்கையும், நாளொன்றுக்கான சராசரியும் அதில் ஓடும். அந்தச் சராசரிதான் உதிர்வு எண். 'இது தரத்தை உயர்த்த மட்டுமே. எவருடைய வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சுற்றறிக்கை வந்தது. நாற்பத்தாறு நாளைக்கு முன்பு முந்நூற்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உதிர்வு எண் இருபதுக்கு மேல் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

திரையில் அந்த முப்பத்திரண்டைப் பார்த்த அன்று காலை பதினோரு மணிக்குத் தொழிற்சாலைத் தலைவர் நிரஞ்சன் ஆவுடையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மாசுக் கட்டுப்பாட்டில் இருப்பவள், தினமும் உள்ளே போய்த் தட்டுகளைச் சோதித்து, மோப்பன் சொல்வதைப் படித்து அறிக்கை எழுதுவதுதான் அவளுடைய வேலை.

"உக்காருங்க ஆவுடை. இந்தப் பொன்னுலிங்கம் விஷயம் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"வேலையை விட்டுப் போன ஆளோட தோல் எப்படி உள்ள வரும்?"

"பழைய தூசி எங்கயாவது தங்கியிருக்கலாம் சார்."

"ஒன்றரை மாசமாவா? ஒரு நிமிஷத்துக்குப் பத்து தடவை உள்ள காத்து மாறுது. சின்னப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி சொல்லாதீங்க." நிரஞ்சன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒவ்வொருத்தர் தோலிலும் ஒரு எண்ணெய், ஒரு உப்பு, ஒரு கிருமிக் கூட்டம். கைரேகை மாதிரி. மோப்பன் தப்பு பண்ணாது. அப்ப என்ன அர்த்தம்? வேலை போன கோபத்துல அந்த ஆளு தன் தோலைச் சுரண்டி யார் கையிலயோ குடுத்து விடறாரு. உள்ள இருக்கிற ஒருத்தர் அதைத் தூவுறாங்க. இது நாசவேலை."

"சார், பொன்னுலிங்கம் அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"அதை போலீஸ் பாத்துக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ஒரு அறிக்கை குடுங்க. புகாரோட சேத்து வைக்கணும்."

"நான் எதுக்கு சார்? சீனியர் எத்தனையோ பேர்…"

"உங்க நம்பர் ரெண்டு," என்றார் நிரஞ்சன், பாராட்டுகிற குரலில். "இந்த பிளான்ட்லயே சுத்தமான ஆள் நீங்கதான். நாளைக்குக் கோர்ட்ல உங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும்."

ஆவுடை தன் முழுக்கைச் சுடிதாரின் விளிம்பை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

அந்தக் கைக்குள்ளே இருந்தது என்னவென்று தொழிற்சாலையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். இரண்டு முழங்கையிலும் முன்கையிலும் சிவந்து, மேலே வெள்ளைச் செதில் படர்ந்த திட்டுகள். டாக்டர் அதைச் சொரியாசிஸ் என்பார். பள்ளிக்கூடத்தில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன, ஆறாம் வகுப்பில் ஒரு முழு வருடமும் அவள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கல்யாணமான பிறகு, காலையில் அவள் எழுந்த படுக்கையை மாமியார் மூக்கைத் திருப்பிக்கொண்டு உதறுவாள். வேலையில் சேரும் நேரம் அது கொஞ்சம் அடங்கியிருந்ததால் மருத்துவச் சோதனையில் தப்பித்தாள். அதற்குப் பிறகு வெள்ளை உடுப்பே அவளுக்குப் பெரிய காவல். அதற்குள்ளே எல்லாரும் ஒன்றுதான்.

தெரிந்த அந்த ஒரே ஆள் பொன்னுலிங்கம். அவர் அவளுடைய ஜோடி.

உள்ளே போகும் முன்பு ஒருவர் உடுப்பை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. தன் பிடரியில் முடி நீட்டிக்கொண்டிருப்பது தனக்குத் தெரியாதே. கழுத்தை அழுத்தி மூடி, முடியை உள்ளே தள்ளி, கையுறை விளிம்பில் டேப் சுற்றிவிட்டுத் தோளில் இரண்டு தட்டு தட்டினால், சரி போகலாம் என்று பொருள். 'ஜோடி பார்ப்பது' என்பார்கள். ஒருநாளும் தன் டேப்பைத் தானே யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஆறு வருடம் பொன்னுலிங்கம் அவளுக்குச் சுற்றினார், அவள் அவருக்குச் சுற்றினாள். ஒருமுறை கையுறை கிழிந்து, அதை மாற்ற அவள் உடுப்புக் கையைச் சுருட்டியபோது அவர் அந்தத் திட்டுகளைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கொஞ்சம் தளர்வாகச் சுற்றினார், அவ்வளவுதான்.

மோப்பனுக்கு எல்லாருடைய தோலையும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்த நாளில், கேன்டீனில் மேசை போட்டு ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயும் ஒட்டும் பட்டை ஒன்றும் கொடுத்தார்கள். பட்டையை முன்கையில் ஒட்டி, உரித்து, குழாயில் போட்டு மூட வேண்டும். குழாயில் அவரவர் எண் இருக்கும். ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் தன்போக்கில் பட்டையைக் கையில் எடுத்தார், அவள் தன்போக்கில் கையை நீட்டினாள். நாலு வருடமாகத் தினமும் செய்கிற காரியம், மூளையைக் கேட்டா கை செய்யும்? செதில் இல்லாத இடமாகப் பார்த்து, திட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, பதமாக ஒட்டி உரித்தார். அவள் அவருக்கு உரித்தாள். அவரவர் கையில் இருந்த பட்டையை அவரவர் குழாயில் போட்டு மூடிவிட்டு, வடை தீருவதற்குள் ஓடினார்கள்.

பலகை முதல் நாள் ஒளிர்ந்தபோது 'ஆவுடைச்செல்வி – 2' என்று வந்தது. 'பொன்னுலிங்கம் – 31' என்று வந்தது. எந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு அந்த ஒட்டும் பட்டை நினைவுக்கு வந்தது: அவள் தோல் அவர் குழாயில், அவர் தோல் அவள் குழாயில். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். மறுநாளே அவளுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள், 'தூய்மை நட்சத்திரம்' என்று எழுதிய சான்றிதழைக் கொடுத்தார்கள். மாமியார் அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். படுக்கையை உதறுவதைக்கூட நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆவுடை சுத்தமானவள். வேலை பயம் பிறகுதான் வந்தது, முதலில் அவள் வாயை அடைத்தது அந்தச் சந்தோஷம்தான்.

பொன்னுலிங்கமோ தேய்த்தார். பீர்க்கங்கூட்டை வைத்துக் காலையும் மாலையும் கைகால் சிவக்கத் தேய்த்தார், தேங்காயெண்ணெய் பூசினார், முன்கை மயிரை மழித்தார். அவர் மட்டுமா? அந்த இரண்டு வருடத்தில் பூனை வளர்த்தவர்கள் பூனையைக் கொண்டுபோய்த் தூரத்தில் விட்டார்கள். பவுடர் போடுகிறவர்கள் பெருநாளுக்குக்கூடப் போடவில்லை. கேன்டீனில் எண் கூடியவர்களுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒருநாள் ஜோடி பார்க்கும்போது பொன்னுலிங்கம் கேட்டார், "நான் வேற என்னதான் செய்யட்டும் பிள்ள?"

"தண்ணி நெறைய குடிங்கண்ணே," என்றாள் ஆவுடை.

அப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் விடுப்பு எழுதிவிட்டுக் கயத்தாற்றுக்கு பஸ் ஏறினாள். பொன்னுலிங்கம் அங்கே ஒரு சூரிய மின்சாரப் பண்ணையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள், அவற்றின் இடையில் நீண்ட துடைப்பமும் தண்ணீர்க் குழாயுமாகச் சில பேர். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் அவளைக் கண்டதும் குழாயை அடைத்தார். நடையிலேயே அவர் என்று தெரிந்தது. உடுப்புக்குள் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நடையைப் பார்த்துத்தான் அடையாளம் காண்பார்கள்.

"என்ன பிள்ள, இங்க வந்து நிக்க? வேலைக்குப் போகலியா?"

"அண்ணே, உங்க மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்க."

"எதுக்கு?"

"உங்க தோல் இன்னும் உள்ள விழுதாம். நீங்க யாரையோ வச்சுத் தூவுதீங்களாம்."

பொன்னுலிங்கம் சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க இருக்கும்போதும் நான் உதிரல. இப்பவும் உதிரல. உனக்குத் தெரியாதா?"

ஆவுடை ஓரடி பின்னால் நகர்ந்தாள். "உங்களுக்கு… எப்பத் தெரியும்?"

"போன வருசம் உனக்கு மஞ்சக்காமாலை வந்து பதினெட்டு நாளு படுத்திருந்தியே. அந்தப் பதினெட்டு நாளும் பலகைல எனக்குச் சைபர். நீ வந்த அன்னைக்கு முப்பத்தி நாலு. நான் எஞ்சினியருக்குப் படிக்கல, ஆனா கூட்டிப் பாக்கத் தெரியும்."

"அப்பவே ஏன் என்கிட்ட கேக்கலண்ணே?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்." அவர் குரல் உயரவில்லை. "உன் மேல உள்ள பாசத்துல வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சுக்கிடாத. கோவம். தினமும் என் கழுத்துப் பட்டையப் பூட்டுத, தோளத் தட்டுத. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு நிக்கேன். நீ தண்ணி குடிக்கச் சொல்லுத."

அவள் அழுதாள். அவர் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. பக்கத்துப் பலகையில் ஒரு பறவை எச்சம் காய்ந்திருந்தது, அதைத் துடைப்பத்தால் சுரண்டிவிட்டார்.

"கடைசி நாளு நிரஞ்சன் சார்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"சொன்னீங்களா? அவரு என்ன சொன்னாரு?"

"முழுசாக் கேட்டாரு. எழுதிக்கிட பேனாவ எடுத்தாரு. அப்பிடியே திரும்ப வச்சுட்டு, 'இங்க கையெழுத்துப் போடுங்க'ன்னாரு."

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். பொன்னுலிங்கம் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முன்கை முழுதும் தேய்த்துத் தேய்த்துக் கன்றிப்போயிருந்தது, ஒன்றிரண்டு இடத்தில் புதிதாகத் தோலுரிந்திருந்தது.

"இது நேத்து தேச்சது. எம்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சும் தேய்க்காம இருக்க முடியல. வீட்டுல தனியாப் பாய் போட்டுத்தான் படுக்கேன். வீட்டுக்காரி சொல்லல, நானாத்தான். இன்னும் அந்தக் கம்பெனிக்குள்ளதாம் பிள்ள இருக்கேன்." கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நீ போ. போயி உன் தோல உன் பேர்ல எழுது. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை அவள் அறிக்கையோடு நிரஞ்சன் முன்னால் நின்றாள். அவர் இரண்டு பக்கம் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா சார் போலீஸ்னு சொன்னீங்க?"

"மத்த பகுதிகள்லயும் போனவங்க பேரு வருது, மேல இருக்கிறவங்க கண்ணுல பட்டது இந்த ஒண்ணு, அதுக்கு ஒரு காரணம் காட்டணும். கொஞ்சம் யோசிங்க ஆவுடை. நீங்க ரெண்டு பேரும் கைப்பழக்கத்துல மாத்திட்டீங்க. அன்னைக்கு உள்ள இருந்த ஆயிரத்து இருநூறு பேரும் ஜோடிதான், எல்லாருக்கும் அதே பழக்கம்தான். எத்தனை ஜோடி மாத்தியிருக்கும்? பாதி? முக்கால்வாசி?"

"அப்ப, போன அந்த முந்நூத்து நாப்பது பேரு?"

நிரஞ்சன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்போது அவர் பெரிய அதிகாரி மாதிரித் தெரியவில்லை, காய்ச்சலில் எழுந்து வந்தவர் மாதிரித் தெரிந்தார். "இத்தனை பேரை எடுன்னு மேல இருந்து சொன்னாங்க. யார் யாரைன்னு சொல்லல. அதை என்கிட்ட விட்டுட்டாங்க. முந்நூத்து நாப்பது பேரை நான் எப்படிப் பொறுக்குவேன்? பேரைப் பாத்தா? மூஞ்சியைப் பாத்தா? ஒரு நம்பர் கையில இருந்துச்சு. எனக்கும் தூக்கம் வேணும்ல?"

"உங்க நம்பர் என்ன சார்?"

"நான் உள்ள வர்றதே இல்லையே."

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்கன்னா சிப்பு வாங்குற வாடிக்கையாளர் வரைக்கும் போகும்," என்றார் நிரஞ்சன். "மிச்சம் இருக்கிற எண்ணூத்துச் சொச்சம் பேருக்கும் மறுபடி தோல் எடுக்கச் சொல்லுவாங்க. வீட்டுக்கு அனுப்ப ரெண்டாவது பட்டியல் வருது, இன்னும் இருநூறு பேர். இந்தத் தடவை நம்பர் சரியா இருக்கும். இத்தனை நாள் மாறிப்போய்த் தப்பிச்ச உங்க கூட்டாளிங்க எல்லாம் மாட்டுவாங்க. அதுக்கு நீங்கதான் காரணம். போனவங்க யாரும் திரும்பி வரப்போறதும் இல்ல. ஒரு ஆளுக்காக இதெல்லாம் வேணுமா?"

அவர் சொன்னது பொய் இல்லை, அதுதான் கொடுமை. ஆவுடை தன் இருக்கைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாசு அறிக்கை ஒருமுறை கணினியில் ஏறிவிட்டால் பிறகு யாராலும் அழிக்க முடியாது, தொழிற்சாலைத் தலைவராலும் முடியாது. பொன்னுலிங்கத்தின் கன்றிய கை கண்முன்னே வந்தது. கூடவே அவளுடைய இப்போதைய ஜோடி ரஹ்மத்தின் முகமும் வந்தது. மேலப்பாளையத்துக்காரி, உதிர்வு எண் ஏழு. அவளுடைய பழைய ஜோடி முதல் பட்டியலில் போனவள்.

பன்னிரண்டு மணிக்கு ஆவுடை பொத்தானை அழுத்தினாள். 'பொன்னுலிங்கத்தின் பெயரில் பதிவாகும் தூசி என்னுடையது' என்று அறிக்கையின் முதல் வரி இருந்தது.

புகார் கைவிடப்பட்டது. திங்கட்கிழமை காலை ஷிப்டில் பெண்கள் பகுதியிலிருந்து மறுமாதிரி எடுப்பதாக அறிவிப்பும் வந்தது. இந்தத் தடவை கேன்டீனில் இல்லை, உடுப்பு மாற்றும் அறையில். 'உங்கள் கையிலிருந்து நீங்களே உரிக்கவும்; ஜோடியைத் தொடாதீர்' என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். வாசலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். ஆனால் உடுப்பு மாற்றும் அறைக்குள் காவலருக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை.

உள்ளே அறுபது பெண்கள். ஆவுடை நுழைந்ததும் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏட்டி, உன் மனசு சுத்தமாவதுக்கு நாங்க எல்லாரும் பலியா?" என்றாள் ரஹ்மத். அவள் கண் சிவந்திருந்தது. "என் ஏழு யாரோட ஏழுன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஜோடியும் அன்னைக்கு அப்பிடித்தான் உரிச்சோம். அவ போனா. நான் ராத்திரியும் பகலும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். இப்ப என் வேலையும் போச்சு."

யாரோ ஒருத்தி, "எங்களுக்கும் அப்பிடித்தான்," என்றாள். இன்னொருத்தி தலையாட்டினாள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும் சுமப்பதாக நினைத்த குற்றம் அறை முழுவதும் இருந்தது என்பது அப்போதுதான் வெளிச்சமானது.

"நான் சொல்லாம இருந்திருந்தா அண்ணன ஜெயில்ல போட்டிருப்பாங்க," என்றாள் ஆவுடை. "என்ன வேணா வையுங்க. வாங்கிக்கிடுதேன்." பிறகு நிரஞ்சன் அறையில் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு முன்பே தெரியும் என்பதையும், தூக்கம் வேண்டும் என்று அவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ரஹ்மத் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையிலிருந்த ஒட்டும் பட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"தூக்கமா வேணும் அவுகளுக்கு," என்றாள் மெதுவாக. "ஆள எடுக்கத்தான் போறாங்க, இருநூறுன்னா இருநூறு. எடுக்கட்டும். ஆனா என் தோலக் காட்டி எடுக்கக் கூடாது. எடுக்கிறவுக என் மூஞ்சிய நேராப் பாத்து, நாந்தான் எடுக்கேன்னு அவுக வாயால சொல்லட்டும்."

எழுந்தாள். தன் பட்டையை முன்கையில் ஒட்டினாள், உரித்தாள், முன்னால் நின்ற பெண்ணின் குழாயில் போட்டாள். அந்தப் பெண் தன்னுடையதை உரித்து அதற்கு முன்னால் இருந்தவளின் குழாயில் போட்டாள். அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று வரிசை நெடுகத் தோல் நகர்ந்தது. அன்று கை தன்போக்கில் செய்ததை இன்று அறிந்தே செய்தார்கள். மதியத்துக்குள் ஆண்கள் பகுதிக்கும் சேதி போய்விட்டது. அங்கே வரிசையாகக்கூட இல்லையாம், பட்டைகளை ஒரு தட்டில் குவித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்களாம்.

வரிசையின் கடைசியில் ஆவுடை நின்றாள். அவளுக்கு முன்னே நின்ற பெண் குழாயை நீட்டினாள், தன் பட்டையையும் தயாராக வைத்திருந்தாள்.

"நான் மாட்டேன்," என்றாள் ஆவுடை.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள் ரஹ்மத். "உன் தோலுக்கு நீதான் முதல் ஆளாப் போவ."

"தெரியும்."

அவள் சுடிதாரின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். அறுபது பேரும் பார்த்தார்கள். செதில் இல்லாத இடம் தேடவில்லை. திட்டின் நடுவிலேயே பட்டையை ஒட்டி உரித்தாள், எரிந்தது. தன் எண் போட்ட குழாயில் போட்டு மூடினாள். ரஹ்மத் பக்கத்தில் வந்து நின்று அவளுடைய தோளில் இரண்டு தட்டு தட்டினாள்.

புது எண்கள் ஏறியதும் பலகைக்குப் பைத்தியம் பிடித்தது. மறுமாதிரி கொடுத்த மறுநாளே பிரசவ விடுப்பில் போனவள் வீட்டிலிருந்தபடியே பதினான்கு உதிர்த்தாள். குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவன் இருபத்தாறு. பூட்டிக் கிடந்த பகுதியின் ஆட்கள், திறந்திருந்த பகுதியின் தட்டுகளில் விழுந்தார்கள். வாடிக்கையாளர் காறித்துப்பாத குறைதான். பத்தாம் நாள் பலகையை அணைத்து, அது இருந்த இடத்தில் காய்கறி உணவின் நன்மைகளைப் பற்றி ஒரு படத்தை ஒட்டினார்கள். அதை அணைக்கும் முன்பே ஆவுடை ஒரு வரியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். தொழிற்சாலை முழுவதிலும் உண்மையாக இருந்த ஒரே எண் அது.

இரண்டாவது பட்டியல் வந்தேவிட்டது. ஆனால் இந்தத் தடவை ஒட்டுவதற்கு எண் இல்லாததால் பட்டியலை ஒட்டவில்லை. நிரஞ்சன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் ஆளாக ஆவுடையைக் கூப்பிட்டார்.

அவர் மேசையில் ஒரு காகிதமும் இல்லை. இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

"காரணம் என்னன்னு எழுதணும் சார்?" என்று அவளே கேட்டாள்.

"காரணம்னு…" அவர் சன்னலைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார். "நான்தான் முடிவு பண்ணேன் ஆவுடை."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். வெளியே பெஞ்சில் இன்னும் பதினேழு பேர் காத்திருந்தார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. சுடிதாரின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். வீட்டில் மாட்டியிருக்கிற சான்றிதழை இன்று கழற்ற வேண்டும், மாமியாரிடம் சொல்ல வேண்டும், நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். எல்லாம் பயமாகத்தான் இருந்தது. போனை எடுத்து, பொன்னுலிங்கத்துக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். 'ஆவுடைச்செல்வி – 33.' கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. மூன்றாவதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"இப்பதாம் பிள்ள, நான் வேலைய விட்டு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."